வெட்டுப்புள்ளிக்கு முன் கட்டிய பெனர்

வெயில் ஏற ஏறப் புது பெனரிலிருந்து ஒரு நாற்றம் கிளம்பும். அச்சடித்த மையும் பிளாஸ்டிக்கும் சேர்ந்து சூடாகி, கீழே நடந்து போகிறவர்களின் தொண்டைக்குள் இறங்கி நெஞ்சைக் கமறச் செய்கிற நாற்றம். உயர்தரப் பரீட்சை முடிவு வந்த கிழமையில் எங்கள் கல்முனைப் பக்கம் வந்து பாருங்கள். சந்திக்குச் சந்தி, லைட் தூணுக்கு லைட் தூண், பிள்ளைகளின் முகங்கள் ரோசாப்பூப் படங்களுக்கு நடுவில் தொங்கிக்கொண்டிருக்கும். ஊருக்கு அது இன்னொரு பெருநாள். பெனர் கட்டிய ஒழுங்கையால் போகாமல் நான் மட்டும் சுற்றுவழியில் போவேன். "அதுக்குள்ள என்ன பேயா இரிக்கி?" என்று என் கணவர் நக்கலடிப்பார். அவர் வெளியூர் மனிதர், அவருக்கு எங்கே தெரியும்? அந்த நாற்றம் பட்டதுமே எனக்கு என் ராத்தாவின் முகம்தான் வரும்.

அக்காவை நாங்கள் ராத்தா என்றுதான் கூப்பிடுவோம். என் ராத்தாவின் பெயர் ஹிதாயா; என்னைவிட நான்கு வயது மூத்தவள். எங்கள் ஊர்களில் கல்யாணம் முடித்த மாப்பிள்ளை பெண் வீட்டில் வந்துதான் குடியிருப்பார். ஆகவே ஒவ்வொரு பெண் பிள்ளைக்கும் தகப்பன் ஒரு வீடு கட்டிக் கொடுத்தே ஆக வேண்டும், பெண் கேட்டு வருகிறவர்கள் தேத்தண்ணீர்க் கோப்பையைக் கையில் எடுத்ததும் கேட்கிற முதல் கேள்வி, "வீடு எந்தப் பக்கம்?" என்பதுதான். எங்கள் வாப்பா சவளக்கடைப் பக்கம் வயல் செய்கிறவர். ஒவ்வொரு போக அறுவடை முடிந்ததும் கொஞ்சம் கல், கொஞ்சம் மணல், இரண்டு யன்னல் என்று சேர்த்துச் சேர்த்து, நாங்கள் குடியிருந்த வளவிலேயே கடல் பக்கமாக "ராத்தாட ஊடு" ஒன்றை எழுப்பிக்கொண்டு வந்தார். நிலத்துக்குச் சிமெந்து பூசிய அன்று அது காயுமுன்னே நான் ஓடி விளையாடி ஒரு மூலையில் என் கால் தடம் பதிந்துவிட்டது. வாப்பா தலையில் குட்டினார்; ராத்தா சிரித்துக்கொண்டு, "இருக்கட்டும் வாப்பா, என்ட ஊட்டுல அவள்ட காலும் இருக்கட்டும்" என்றாள்.

சுனாமி வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் நானும் ராத்தாவும் பிரதான வீதிக்கு அப்பால் டியூசன் வகுப்பில் இருந்தோம். வாப்பா வயலில். உம்மா சந்தைக்குப் போயிருந்தார். பக்கத்து வளவில் குடியிருந்த சாச்சி, உம்மாவின் தங்கை, வீட்டில் இருந்தார். நாங்கள் தப்பியதும் சாச்சி போனதும் இவ்வளவுதான் விஷயம், வேறு கணக்கு ஒன்றும் கிடையாது. உம்மாவின் வீடு, சாச்சியின் வீடு, ராத்தாவின் வீடு மூன்றும் இருந்த இடத்தில் வெறும் மணல் கிடந்தது. ராத்தாவின் வீட்டுச் சிமெந்து நிலம் மட்டும், துடைத்து வைத்தது போல, என் கால் தடத்தோடு அப்படியே இருந்தது.

அன்று மாலையில் உயரமான இடத்து மண்டபம் ஒன்றில் செத்தவர்களின் மையித்துகளை வரிசையாக வைத்திருந்தார்கள். வாப்பா இன்னும் வந்து சேரவில்லை. உம்மாவுக்குத் தனியாகப் போகத் தைரியம் இல்லை. ராத்தாவைக் கூட்டிக்கொண்டு போனார். அவளுக்கு அப்போது பதினான்கு வயதுதான். உம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட, ராத்தாதான் ஒவ்வொரு சீலையாக நுனியைத் தூக்கிப் பார்த்து, கடைசியில் சாச்சியைக் கண்டுபிடித்தாள். திரும்பி வந்தபோது அவள் அழவில்லை. சோப்புப் போட்டுக் கையைக் கழுவினாள், மறுபடியும் கழுவினாள். அதன் பிறகு ஈரத் தலைமுடி எங்கே கண்டாலும் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். நான் குளித்துவிட்டு வந்தால்கூடத் தலையை மூடச் சொல்லுவாள். யாருக்கு இதையெல்லாம் கேட்க நேரம் இருந்தது? ஊரே செத்தவர்களை எண்ணிக்கொண்டிருந்தது.

பிறகு எங்களைத் தகரக் கூரையும் பலகைச் சுவருமாக வரிசையாகக் கட்டிய தற்காலிகக் கொட்டில்களில் குடியேற்றினார்கள். கடற்கரையில் இனி வீடு கட்டக்கூடாது என்று அறிவித்தும் விட்டார்கள். அந்தச் செய்தி வந்த அன்று வாப்பா ராத்தாவைக் கூப்பிட்டுப் பக்கத்தில் இருத்தினார். "படிப்புத்தான் மகள் உங்கள காப்பாத்தின. டியூசன் இல்லாட்டி நீங்களும் இல்ல. இனி உங்களுக்கு ஊடு கட்ட வாப்பாவால ஏலா. நீங்க டொக்டராகுங்க. டொக்டர் பொம்புளையிட்ட ஒருத்தனும் ஊடு கேக்க மாட்டான்." வாப்பா இதைச் சொன்னபோது குரலில் அதட்டல் இல்லை, கெஞ்சல்தான் இருந்தது. ராத்தா "ஓம் வாப்பா" என்றாள். அந்த ஒரு சொல்லை வைத்துத்தான் பிறகு எல்லாம் நடந்தன.

பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் நஸ்ரின் குடும்பம். நஸ்ரின் ராத்தாவின் வகுப்புக்காரி, கூட்டாளி; ஆனால் பலகைக்கு அந்தப் பக்கம் இருந்து அவள் பாடத்தைச் சத்தம் போட்டுப் படிக்கத் தொடங்கினால் கூட்டாளித்தனம் எல்லாம் பறந்துபோகும். "அங்க கேளு, அந்தப் புள்ள இன்னமும் படிக்கிறாள். நீ தட்டுப்பீங்கான் கழுவுற!" என்று உம்மா ராத்தாவை அடுப்படியிலிருந்து விரட்டுவார். ராத்தா இங்கே குரலை உயர்த்துவாள். உடனே அங்கே நஸ்ரினின் உம்மா, "அவள்ட சத்தம் கேக்குதா உனக்கு?" என்பது எங்களுக்குத் தெளிவாகக் கேட்கும். அங்கே குரல் இன்னும் உயரும். கொட்டில் வரிசை முழுவதும் தாவரக் கலமும் தவளையின் இருதயமுமாகக் கத்திக்கொண்டிருக்க, நடுவில் படுத்துக் கிடக்கிற எனக்குத்தான் தலையிடி. ஐந்தாம் வகுப்புக்காரிக்குத் தவளையின் இருதயம் எதற்கு? இன்றைக்கும் அது எனக்கு மனப்பாடம்.

பக்கம் இரண்டிலும் கத்தியதெல்லாம் ஒன்றும் மண்டையில் ஏறவில்லை என்பது பின்னாளில்தான் தெரியவந்தது. அதைச் சொல்கிறேன், இருங்கள்.

சாதாரண தரப் பரீட்சையில் ராத்தா நன்றாகச் செய்தாள். எந்தத் துறை என்று அவளிடம் யாரும் கேட்கவில்லை. விஞ்ஞானம்தான், அதிலும் உயிரியல்தான். டியூசன் சேர் பரீட்சைக்குப் பரீட்சை புள்ளி வாரியாகப் பிள்ளைகளை வாங்குப் பலகைகளில் வரிசையாக இருத்துவார். முன் வாங்கு "டொக்டர் வாங்கு". அதிலிருந்து ஒருத்தி பின்னுக்குப் போனால் அடுத்த நாளே ஊருக்குத் தெரிந்துவிடும், மீன் வாங்க நிற்கிற பெண்கள்கூட, "உங்கட மகள் ரெண்டாம் வாங்குக்குப் போயிட்டாளாமே?" என்று உம்மாவை விசாரிப்பார்கள். கூட்டாளிமார் விடைத்தாளைக் கையால் மறைத்துக்கொண்டு எழுதப் பழகினார்கள். ஒருத்திக்குக் கிடைத்த பழைய வினாத்தாள் மற்றவளுக்குக் கிடைக்காது. ராத்தாவும் அப்படித்தான் மாறினாள், பொய் சொல்வானேன்.

பிராணியை வெட்டிப் பார்க்கிற வகுப்பு முதல்முதல் நடந்த அன்று ராத்தா வாந்தி எடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தாள். வகுப்பில் அதைக் கேலி செய்து, "இதுக்கே இப்படி எண்டா கெம்பஸ் போய் மையித்த எப்படி வெட்டப் போற?" என்று ஒருத்தி கேட்டாளாம். மருத்துவம் படிக்கப் போனால் முதல் வருஷமே மையித்தை வெட்ட வேண்டும் என்பது ராத்தாவுக்கு அன்றுதான் தெரியும். என்னிடம்தான் சொன்னாள், போர்வைக்குள் என் கையைப் பிடித்துக்கொண்டு. "எனக்கு ஏலா புள்ள. சாச்சிட முகம்தான் வருகுது. வாப்பாக்குச் சொல்லிப் போடாத, அல்லாஹ்வுக்காக." உம்மாவுக்கு ஓரளவு தெரியும். "அதெல்லாம் பழகிரும் மகள்" என்று நெற்றியில் ஓதி ஊதிவிட்டார்.

யுத்தம் முடிந்த வருஷம் ராத்தா பரீட்சை எழுத வேண்டிய வருஷம். பட்டாசுச் சத்தம் ஓய்ந்து, பாதை திறந்து, வாப்பா பயமில்லாமல் விடியலில் வயலுக்குப் போய்ப் பொழுதுபட வரத் தொடங்கியிருந்தார். எல்லாருடைய முகத்திலும் ஒரு வெளிச்சம் இருந்த அந்த நாட்களில் ஒரு பகல் சாப்பாட்டு நேரத்தில், வாப்பாவுக்குச் சோறு போட்டுவிட்டு ராத்தா மெல்லக் கேட்டாள்: "வாப்பா, நான் டீச்சராகட்டா?"

வாப்பா கோபப்படவில்லை. "ஓம் மகள், உங்கட விருப்பம்" என்றார். பிறகு கையைக் கழுவினார். பீங்கானில் சோறு போட்டபடி இருந்தது, மீன் குழம்பு தொடாமல் கிடந்தது. செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனவர் பின்னேரத்து அசர் தொழுகைக்கும் வரவில்லை. உம்மா என்னை அனுப்பினார். போய்ப் பார்த்தால், கடற்கரையில் அந்தச் சிமெந்து நிலத்தில், சமைக்கிற குசினி வரவேண்டிய இடத்தில், கடலைப் பார்த்துக்கொண்டு குந்தியிருந்தார். நான் கூப்பிட்டதும் எழும்பி வந்தார். வீட்டுக்கு வந்தும் தின்னவில்லை. அடுத்த நாளும் "பசிக்கல்ல" என்றார். அதற்கடுத்த நாள் ராத்தா சோற்றுப் பீங்கானோடு அவர் முன்னால் போய் நின்று, "நான் சும்மா கேட்ட வாப்பா. டொக்டருக்கே படிக்கிற" என்றாள். வாப்பா பீங்கானை வாங்கித் தின்றார். அவர் அடித்திருந்தால்கூட ராத்தா ஒருவேளை எதிர்த்து நின்றிருப்பாள் என்று நான் இன்றுவரை நினைக்கிறேன். பட்டினி கிடந்த மனிதரை என்ன செய்ய முடியும்?

பரீட்சைக்கு முன் உம்மாமார் எல்லாரும் பிள்ளைகளின் பேனைகளைக் கொண்டுபோய் மௌலவியிடம் ஓதி ஊதி வாங்கி வந்தார்கள். ராத்தா அந்தப் பேனையால் எழுதினாள். முடிவு வந்தது: இரண்டு ஏ, ஒரு பி. அம்பாறை மாவட்டத்துக்கு இது போதும், போன வருஷம் இதைவிடக் குறைந்தவர்களும் போனார்கள் என்று எல்லாரும் சொன்னார்கள். யார் அந்த "எல்லாரும்" என்று கேட்காதீர்கள். டியூசன் சேர் சொன்னார், தேத்தண்ணிக் கடையில் சொன்னார்கள், பள்ளிவாசலில் வாப்பாவைக் கட்டிப்பிடித்துச் சொன்னார்கள். பல்கலைக்கழகத்துக்கு எடுபட ஒவ்வொரு மாவட்டத்துக்கும் அறிவிக்கிற வெட்டுப்புள்ளி வருவதற்கு இன்னும் மாதக் கணக்காக இருந்தது. ஆனால் ஒழுங்கை முனையில் இருந்த விளையாட்டுக் கழகத்துப் பொடியன்மாருக்குப் பொறுமை எங்கே? பக்கத்து ஊர்க்காரர்கள் முந்திவிடுவார்களே! அடுத்த வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து ஆட்கள் வருகிற நேரம் பார்த்து, தெருவுக்குக் குறுக்கே பெனர் ஏறியது. "மருத்துவபீடம் செல்லும் எமது மண்ணின் மகள்." ராத்தாவின் அடையாள அட்டைப் படத்தைப் பெருப்பித்துப் போட்டிருந்தார்கள், அதில் அவள் முழித்துக்கொண்டு நிற்பாள். அவள் படத்தைவிடக் கழகத்தின் சின்னம் பெரிது. படம் கொடுத்தது வாப்பா.

அன்றிலிருந்து ராத்தாவுக்குப் பெயரே மாறிப்போயிற்று. "டொக்டர் வாறா, டொக்டர் போறா." கொட்டில்களை விட்டு நாங்கள் குடியேறிய புதுத் திட்ட வீட்டு வாசலில் வயிற்றுக் குத்துக்கு மருந்து கேட்டு ஒரு பெண் வந்து நின்றார்! பெரிய இடத்து மாப்பிள்ளை ஒன்று பேசி வந்தது, இஞ்சினியர். மாப்பிள்ளையின் உம்மா வந்து ராத்தாவை முத்தமிட்டு, வீடு வாசல் என்று ஒரு வார்த்தை பேசாமல் எழும்பிப் போனார். அன்று இரவு வாப்பா சிரித்த சிரிப்பைச் சுனாமிக்குப் பிறகு நாங்கள் கண்டதில்லை. ராத்தாவோ நாளுக்கு நாள் மெலிந்துகொண்டு போனாள். சந்தோஷத்தில் சோறு இறங்குதில்லை என்று உம்மா ஊருக்குச் சொன்னார்.

மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசத் தொடங்கிய காலத்தில் வெட்டுப்புள்ளி வந்தது. ராத்தாவுக்குத் தசமத்துக்குப் பின்னால் எங்கேயோ குறைந்துபோயிருந்தது. அவ்வளவு சின்னக் குறைவு. வாப்பா அந்த இலக்கத்தை யார் யாரிடமோ கொண்டுபோய்க் கேட்டார், திரும்பத் திரும்பக் கேட்டார். ராத்தா சுவரோரம் பாயைப் போட்டுப் படுத்தவள் அன்று அசந்து தூங்கினாள். எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு தூங்கினாள். நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். அல்லாஹ்வே, இந்தப் பிள்ளை இனியாவது தூங்கட்டும் என்று எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

மாப்பிள்ளையின் உம்மா இன்னொரு தரம் வந்தார். ஆறுதல் சொன்னார், படைத்தவன் நாட்டம் என்றார், தேத்தண்ணீரை எடுத்து ஒரு வாய் குடித்தார். பிறகு உம்மாவைப் பார்த்து, "மறுகா, வீடு எந்தப் பக்கம் கட்டப் போறீங்க?" என்று கேட்டார். உம்மா கையில் இருந்த பிஸ்கட் தட்டைக் கீழே வைத்தார். கதவுக்குப் பின்னால் நின்ற ராத்தாவுக்கும் எனக்கும் அந்தச் சம்பந்தம் முடிந்துபோனது விளங்கியது.

பெனரை யார் அவிழ்ப்பது? வாப்பாவுக்கு அதைத் தொட மனம் வரவில்லை. கழகத்துப் பொடியன்மார் அந்தப் பக்கம் தலைகாட்டவும் கூசினார்கள். கட்டியவர்கள் அவிழ்க்கவில்லை, அவிழ்க்க வேண்டியவர்கள் வெளியே போகவில்லை. அது தொங்கிக்கொண்டே கிடந்தது. கச்சான் காற்று அதைக் கிழிக்கத் தொடங்கியது. ராத்தாவின் முகம் பாதியாகி, பகல் முழுவதும் படார் படாரென்று அடித்துக்கொண்டிருக்கும். அந்தச் சத்தம் எங்கள் வீட்டுக்குள் கேட்கும். ராத்தா யன்னலைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தாள்.

அந்த நாட்களில் அவளைப் பார்க்க வந்தவள் நஸ்ரின் ஒருத்திதான். அவளுக்கு மூன்று பாடமும் சாதாரண சித்தி, வெறும் பாஸ்தான். வந்து பாயில் இருந்தவள், "உன்ட பெனர் ஏறின நாளையில இருந்து எங்க உம்மா என்னோட முகங்குடுத்துக் கதைக்கல்லடி" என்றாள். பிறகு, "ஒண்டு சொல்லட்டா? கொட்டில்ல நான் சத்தமாப் படிச்சதெல்லாம் ஒரே பக்கம். உன்ட சத்தத்துக்குப் பயந்து, விளங்கினாலும் விளங்காட்டியும் அதையே கத்தின" என்றாள். ராத்தா அவளையே பார்த்தாள். "நானும்தான்டி" என்றாள். இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்தது. சிரிக்கத் தொடங்கியவர்கள் நிறுத்த முடியாமல் ஒருத்தியை ஒருத்தி பிடித்துக்கொண்டு சிரித்து, அது அழுகையாக மாறி, உம்மா ஓடி வந்து இரண்டு பேர் தலையிலும் கை வைத்தார்.

அடுத்த நாள் விடியலில் சுபஹுத் தொழுத கையோடு உம்மா மாங்காய் பறிக்கிற கொக்கத்தடியை எடுத்துக்கொண்டு ஒழுங்கை முனைக்குப் போனார். வெளியே இறங்க ஆயிரம் யோசிக்கிற மனுசி, நடுத்தெருவில் நின்று பெனரை இழுத்து விழுத்தி, மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வந்தார். அதை வாப்பா பிறகு வயலுக்குக் கொண்டுபோனார். அச்சடித்த பக்கத்தைக் கீழே போட்டு, அதன்மேல் நெல் காயவைத்தார்.

ராத்தா இரண்டாம் தரம் எழுதினாள், புள்ளி இன்னும் குறைந்தது. மூன்றாம் தரம் எழுதச் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. ஆசிரியர் கல்லூரிக்குப் போகலாம் என்று நஸ்ரின் வந்து சொன்னாள். "டொக்டர் டீச்சராகிற எண்டா ஊர் சிரிக்கும்" என்று மாமாமார் தடுத்தார்கள். கடைசியில் வாப்பா சவளக்கடை வயலை விற்று ஒரு வீடு கட்டி, இரும்புக் கடை வைத்திருக்கிற ஒருவருக்கு ராத்தாவைக் கல்யாணம் முடித்துக் கொடுத்தார். நல்ல மனிதர், குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் இன்றைக்கும் வழி கேட்டால் எங்கள் ஊர்ப் பிள்ளைகள், "டொக்டர் ராத்தாட ஊடா? அங்கால இரிக்கி" என்று கையைக் காட்டும். அந்தப் பிள்ளைகளுக்கு அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று தெரியாது.

இரண்டு வருஷத்துக்கு முந்தி உம்மா மௌத்தாகினார். மையித்தைக் குளிப்பாட்ட வந்த பெண்கள், "மூத்த மகள் வாங்க" என்று கூப்பிட்டார்கள். ராத்தா அறை வாசல் வரைக்கும் போனாள். நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அப்படியே கீழே இருந்துவிட்டாள். நான்தான் உள்ளே போனேன். "டொக்டருக்குப் படிச்ச புள்ளைக்கி மையித்துக்குப் பயமா?" என்று எவளோ ஒருத்தி முணுமுணுத்தது வெளியே இருந்த வாப்பாவின் காதில் விழுந்துவிட்டது.

ஆட்கள் எல்லாம் போன பிறகு வாப்பா என்னைக் கூப்பிட்டுக் கேட்டார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். மண்டபம், சீலை நுனி, சாச்சியின் முகம், வாந்தி, போர்வைக்குள் சொன்னது எல்லாம். எழுபது தாண்டிய மனிதர், உம்மாவை அடக்கிவிட்டு வந்த நாள், சொல்லக்கூடாது என்று நினைத்தேன், ஆனாலும் எனக்கு வாய் நிற்கவில்லை. வாப்பா கைத்தடியை ஊன்றிக்கொண்டு ராத்தா இருந்த அறைக்குப் போனார்.

"டீச்சராகட்டா எண்டு கேட்ட தானே மகள்?"

ராத்தா நிமிர்ந்து பார்த்தாள். "ஓம் வாப்பா, கேட்ட. நீங்களும் ஓம் எண்டுதான் சொன்ன. சோறுதான் தின்னல்ல."

வாப்பா அந்த இடத்திலேயே சுவரோடு சாய்ந்து இருந்துவிட்டார். அவர் அழுததை நான் அன்றுதான் பார்த்தேன், சுனாமியில்கூடப் பார்த்ததில்லை.

இப்போது அந்தச் சிமெந்து நிலம் இல்லை. கடல் கரையை அரித்து அரித்து அதை உடைத்து இழுத்துக்கொண்டு போய்விட்டது, என் கால் தடமும் போயிற்று. கொட்டில் வரிசை இருந்த இடத்தில் மதில் கட்டி விளையாட்டு மைதானம் ஆக்கிவிட்டார்கள். சவளக்கடை வயலில் வேறு யாரோ விதைக்கிறார்கள். பெனர்கள் மட்டும் வருஷத்துக்கு வருஷம் பெரிதாகிக்கொண்டே போகின்றன. இப்போது ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சைக்கும் கட்டுகிறார்கள்.

ராத்தாவின் மகள் போன முறை அந்தப் பரீட்சை எழுதினாள். வெட்டுப்புள்ளிக்குக் கொஞ்சம் குறைவு. முடிவு வந்த அன்று நானும் அங்கேதான் இருந்தேன். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு வெடி கொளுத்துகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. பிள்ளை கண்ணெல்லாம் வீங்கி, மூத்தாப்பாவான எங்கள் வாப்பாவின் முன்னால் வந்து நின்று, "நான் பாஸாகல்ல மூத்தாப்பா" என்றது. வாப்பா அப்போதுதான் பகல் சாப்பாடு முடித்துக் கை கழுவியிருந்தார். பிள்ளையை ஒரு தரம் பார்த்தார். பிறகு குசினிப் பக்கம் திரும்பி, "மகள், எனக்குப் பசிக்கிது. இன்னொரு பீங்கான்ல சோறு போடுங்க" என்றார். ராத்தா போட்டுக்கொண்டு வந்து வைத்தாள். பிள்ளையைப் பக்கத்தில் இருத்திக்கொண்டு, அது அழுதழுது சொல்வதையெல்லாம் கேட்டபடி, இறங்காத சோற்றைத் தண்ணீர் குடித்துக் குடித்து, பீங்கானில் ஒரு பருக்கை மிச்சமில்லாமல் வாப்பா தின்று முடித்தார்.